வாத்தியாரிடம் கேளுங்கள்: அமெரிக்க மலையும் எங்கள் கிணற்றுக் கல்லும்

கேள்வி: மகள் சான்பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறாள். ஜூலையில் போகிறோம். டேமல்பையஸ் என்று கடலோரத்தில் ஒரு மலையாம், ஸ்டேட் பார்க்காம், கட்டாயம் கூட்டிப்போவேன் என்கிறாள். எனக்கு மூட்டுவலி. நீங்கள் போய் வந்தவர்தானே, மலை ஏறாமல் பார்க்க முடியுமா சார்? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: முடியும். நானே முழங்காலில் பட்டை மாட்டிக்கொண்டு போனவன்தான். கிழக்குச் சிகரத்தின் அடிவரைக்கும் கார் போகிறது. அங்கே சிகரத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு நடைபாதை இருக்கிறது, வெர்னா டன்ஷி பாதை என்று பெயர். பெரிய ஏற்றம் கிடையாது. ஒரு பக்கம் விரிகுடா, ஒரு பக்கம் பசிபிக்.

உயரம் 2,571 அடி. கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நம்ம ராமேஸ்வரம் டிவி கோபுரம் 323 மீட்டர். அதில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் இந்த உச்சியை எட்டாது.

ஜூலை என்றீர்கள், ஸ்வெட்டரை மறக்காதீர்கள். நான் மறந்தேன். கோடைக்காலம்தானே என்று அரைக்கைச் சட்டையோடு போய், மருமகளின் பூப்போட்ட சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். அந்தக் கடல் குளிர்ந்த கடல். கோடையில்தான் அதன்மேல் மூடுபனி திரண்டு கரைக்குள் வரும். நமக்குக் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வருகிற மாதத்தில் அவர்களுக்குப் பனி. உச்சியிலிருந்து பார்த்தால் பனி உங்கள் காலுக்குக் கீழே கிடக்கும். ஊரும் பாலமும் அதற்குள் முழுகிவிடும்.

மலையின் பூர்வகுடிகள் கோஸ்ட் மிவோக் மக்கள். அப்புறம் வந்தவர்களில் வில்லியம் கென்ட் என்ற பணக்காரரைச் சொல்லியாக வேண்டும். மலையடிவாரப் பள்ளத்தாக்கில் வெட்டப்படாமல் நின்ற ரெட்வுட் காட்டை அவர் விலைக்கு வாங்கினார். (செம்மரம் என்று எழுதலாம், நம்ம ஊரில் போலீஸ் நினைவு வந்துவிடும்.) ஒரு தண்ணீர் கம்பெனி அங்கே அணை கட்டக் கிளம்பியது. கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். 1908-ல் அது தேசிய நினைவிடம் ஆனது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கென்ட்டின் பெயரையே வைக்கலாம் என்றபோது மனிதர் மறுத்து, இயற்கை ஆர்வலர் ஜான் மியூரின் பெயரை வைக்கச் சொன்னார். அதுதான் மியூர் உட்ஸ். 1928-ல், சாகும் தறுவாயில், பக்கத்திலிருந்த ஸ்டீப் ரவீன் பள்ளத்தாக்கையும் கொடுத்தார், இந்த முறை ஸ்டேட் பார்க்குக்கு. நம் பக்கம் அரையடி வரப்புக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறோம்.

1896-லேயே இந்த மலைக்கு ரயில் விட்டார்கள். எட்டு மைல் தூரத்துக்கு 281 வளைவுகள்! இறங்கும்போது எஞ்சினே வேண்டாம், பிரேக்கைப் பிடித்தபடி சரிவில் உருண்டு வரும் பெட்டிகள் இருந்தன. கார் வந்தது, 1929-ல் மலையில் காட்டுத்தீயும் வந்தது, 1930-ல் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். அந்தத் தடத்தில் இப்போது ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். எனக்குத் தனுஷ்கோடிதான் ஞாபகம் வந்தது. 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் நம்ம ரயிலும் அங்கே வரைக்கும் போனது. இப்போது இடிந்த ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து போட்டோ எடுக்கிறார்கள்.

கேள்வி: மலையே இல்லாத நம் மாவட்டத்தில் அப்படி ஒரு பார்க் எங்கே சார் இருக்கப்போகிறது? (வாசகி, ஆர்.எஸ்.மங்கலம்)

பதில்: மலை இல்லை என்று யார் சொன்னது? ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம் மணல்மேடுதான், ஆனாலும் பர்வதம். ராமர் பாதத்துக்குப் படியேறி நின்றால் தீவும் கடலும் தெரியும்.

பார்க்கும் இருக்கிறது, கடலுக்குள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 1986-ல் அறிவித்தது. ராமேஸ்வரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். அறிவிக்க வேண்டிய நிலைமைக்கு யார் கொண்டுவந்தது என்றால் நாம்தான். என் தாத்தா கட்டிய கிணற்றின் சுற்றுச்சுவர் முழுக்கப் பவளக்கல். சின்ன வயதில் வாளி மேலே வரும்வரை அந்தக் கல்லைத் தடவிக்கொண்டு நிற்பேன். விரல் நுனியில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் நெருடும். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது என்பது பாடம் நடத்தும் வயதில்தான் எனக்கு உறைத்தது. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வண்டி வண்டியாகப் போனது. அலையைத் தடுத்த பவளப்பாறை போனதும் தீவு கரையத் தொடங்கியது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்பது இவற்றையும் சேர்த்த கணக்குதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பணக்காரர் கொடுத்த நிலத்தில் எல்லோரும் நடக்கிறார்கள். இங்கே பூங்கா ஆனதும், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி எடுக்கும் பெண்களிடம் தீவுப் பக்கம் வராதே என்றார்கள். பவளத்தைக் காப்பது சரி. ஆனால் கல்லை வெட்டி வீடு கட்டியவன் வேறு, பாசியைப் பறித்துக் கஞ்சி குடித்தவள் வேறு.

சுற்றிப் பார்க்கத்தான் ஆசை என்றால் உங்களுக்குக் காரங்காடு பக்கம். வனத்துறையும் ஊர் ஜனங்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். தை, மாசியில் தனுஷ்கோடி போனால் பூநாரை பார்க்கலாம்.

கேள்வி: அமெரிக்க மலையில் கட்டுச்சோறு சாப்பிட விடுவார்களா? (முதல் வாசகரின் மனைவி, அதே கடிதத்தின் ஓரத்தில்)

பதில்: தாராளமாக அம்மா. அதற்கென்றே மேசை, பெஞ்சு போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டம்மா புளியோதரை கட்டிவந்தாள். காக்கை இனத்தைச் சேர்ந்த நீலப் பறவை ஒன்று கிளையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. இவள் வழக்கம்போல் ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கப்போனாள். மகன் கையைப் பிடித்துவிட்டான், இங்கே பறவை, மிருகம் எதற்கும் சோறு வைக்கக் கூடாதாம். அன்று முழுக்க அவளுக்கு மனசே ஆறவில்லை.