முதுகுக் கம்பியை எடுப்பதா, விடுவதா: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒப்பரேஷன் செய்கிறவன் இல்லை, ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட். முள்ளந்தண்டில் ஸ்குரூவும் கம்பியும் போட்ட ஆட்களை எழுப்பி நடக்கவைப்பதுதான் யாழ்ப்பாணத்தில் என் வேலையாக இருந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவை உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரோடு எடுங்கள்.

கரவெட்டி அக்கா: நாலு வருடத்துக்கு முன் நாரியில் எல்4, எல்5 என்ற இரண்டு முள்ளெலும்பையும் ஸ்குரூ போட்டுப் பொருத்தினார்கள். முதல் ஒரு வருடம் சுகமாக இருந்தேன். இப்போது பழையபடி நோ. கம்பியை எடுத்தால் போய்விடுமா?

அக்கா, நீங்கள் சொன்னதில் பெரிய விஷயம் அந்த ஒரு வருடச் சுகம்தான். ஒப்பரேஷன் முடிந்த நாளிலிருந்து நோ மாறவே இல்லை என்றால், முதலில் கண்டுபிடித்த காரணமே சரியா அல்லது நரம்பு இன்னும் நெரிபடுகிறதா என்று யோசிக்க வேண்டும். கொஞ்சக் காலம் நன்றாக இருந்து பிறகு வந்த நோ என்றால் வேறு நாலைந்து காரணங்களைத் தேட வேண்டும். எலும்பு ஒட்டாமல் போயிருக்கலாம், ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், பொருத்திய இடத்துக்கு மேலே, முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி உள்ள தட்டு தேயத் தொடங்கியிருக்கலாம், இடுப்பெலும்பு மூட்டிலிருந்து வரலாம், சத்தம் போடாமல் இருக்கிற கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். இதில் சிலவற்றுக்குத்தான் கம்பி குற்றவாளி.

வீட்டுக்குக் கொங்கிறீட் பிளாட் போடும்போது கீழே முட்டுக் கொடுக்கிறோமே, அந்த மாதிரித்தான் இந்த ஸ்குரூவும் கம்பியும். உண்மையில் உங்கள் முதுகைத் தாங்கப்போவது அங்கே வளர்ந்து ஒட்டுகிற எலும்பு. அது ஒட்டிமுடிய 6 மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். ஒட்டியபிறகு கம்பிக்கு அவ்வளவு வேலையில்லை. ஒட்டவில்லை என்றால் அந்தக் கம்பி ஒன்றுதான் உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதைக் கழற்றினால் நோ கூடுமே தவிரக் குறையாது. அப்படியானவர்களுக்குத் தேவை திரும்பப் பொருத்துகிற ஒப்பரேஷன்.

ஆகவே இன்று நான் நூறுதரம் சொல்லப்போவதை முதல்தரம் சொல்கிறேன்: எலும்பு ஒட்டியிருக்கிறதா என்று சிடி ஸ்கானில் பார்க்காமல் கம்பியில் கைவைக்க விடாதீர்கள். சாதாரண எக்ஸ்ரே மட்டும் போதாது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கிற எக்ஸ்ரேயில் ஆட்டம் தெரியலாம். ஸ்குரூவைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். எம்ஆர்ஐ நரம்புக்கும் பக்கத்துத் தட்டுக்கும் நல்லது, ஆனால் உலோகம் இருக்கிற இடத்தில் படம் கலங்கிப்போகும். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகளையும் செய்யச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் காய்ச்சலே இல்லாமல் ஸ்குரூவைச் சுற்றி இருக்கிற கிருமி உண்டு, சிலவேளை இந்தப் பரிசோதனைகளிலும் அகப்படாது.

எல்லாம் சரி, எலும்பும் ஒட்டியிருக்கிறது, ஆனால் ஸ்குரூ இருக்கிற இடத்திலேயே விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி நோகிறது என்றால், படத்தைப் பார்த்துப் பார்த்து ஸ்குரூ தலைகளைச் சுற்றி விறைப்பு மருந்து ஊசி போட்டுப் பார்ப்பார்கள். சில மணித்தியாலத்துக்கு நோ நன்றாக அடங்கினால், எடுப்பதால் பலன் வர வாய்ப்புக் கூட. அடங்காவிட்டால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம். இந்தப் பரீட்சையும் நூற்றுக்கு நூறு இல்லை. ஊசிக்கு நோ அடங்கியவர்களிலும், எடுத்தபிறகு சுகம் காணாதவர்கள் இருக்கிறார்கள், சுகம் கண்டு ஒரு வருடத்தில் பழையபடி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

சுன்னாகம் தம்பி, 27 வயது: மோட்டார் சைக்கிள் விபத்தில் எல்1 முள்ளெலும்பு உடைந்தது. எலும்பு ஒட்டு வைக்கவில்லை, ஸ்குரூவும் கம்பியும் மட்டும். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. டொக்டர் எடுக்கலாம் என்கிறார், வீட்டில் பயப்படுகிறார்கள்.

தம்பி, உங்கள் கதை வேறு. மேலே அக்காவுக்குச் சொன்னதை உங்களுக்குப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு மூட்டுகளை ஒட்டவைக்கவே இல்லை, உடைந்த எலும்பு கூடும்வரை பிடித்துவைத்தார்கள், அவ்வளவுதான். எலும்பு கூடியபிறகும் கம்பி இருந்தால், அசைய வேண்டிய நல்ல மூட்டுகளையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கும். அசைவு இருக்கிற இடத்தில் உலோகம் நாளடைவில் தளரும், முறியவும் செய்யும். அதனால் உங்கள் வயதில் சுமார் ஒரு வருடம் கழித்து எடுப்பதைப் பல இடங்களில் முதலே திட்டமிட்டுச் செய்கிறார்கள். எல்லா நிபுணரும் ஒரே கருத்தில் இல்லை என்பதும் உண்மை. எடுத்தபிறகு முதுகு கொஞ்சம் கூன்விழ வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். உடைந்த எலும்பு கூடிவிட்டதைச் சிடியில் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் வீட்டுக்காரரை நான் சொன்னதாகச் சமாதானப்படுத்துங்கள்.

பெயர் போடாத ஒருவர்: எக்ஸ்ரேயை வைபரில் அனுப்பட்டா?

வேண்டாம்.

டொரோண்டோ அண்ணை: இங்கே குளிர் தொடங்கியதும் கம்பி அப்படியே உறைந்து நாரியை இழுக்கிறது. இதுக்காகவே எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

அண்ணை, உங்கள் நோவை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பி உறைவதில்லை. அது தசைக்கு அடியில், உடம்புச் சூட்டிலேயே இருக்கிறது. இப்போது போடுகிற பெரும்பாலான கம்பிகள் டைட்டானியக் கலவை, அது உலோகங்களுக்குள் சூட்டையும் குளிரையும் மந்தமாகக் கடத்துகிற வகை. குளிருக்குத் தசை இறுகுவதும், ஆட்கள் நடையைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்குள் குந்தியிருப்பதும்தான் பெரும்பாலும் காரணம். நல்ல மெலிந்த ஆளாக இருந்து ஸ்குரூ தலை தோலுக்குக் கீழேயே தட்டுப்பட்டால் குளிர் உறைக்கலாம், அது வேறு.

டொரோண்டோ அண்ணை மறுபடியும்: நீங்கள் யாழ்ப்பாண வெயிலில் இருந்துகொண்டு சொல்லலாம். மைனஸ் 20இல் நின்று பாருங்கள்.

காரைநகர்: அண்ணைக்குச் சொல்லுங்கோ, நான் விடிய நாலு மணிக்குக் கடலுக்குப் போகிற ஆள். தண்ணி பட்டால் எனக்கும் அந்த இடம் இழுக்குது. ஆனால் எனக்குக் கம்பியே இல்லை, தட்டு விலகினது மட்டும்தான்.

காரைநகர்க்காரர் என் வேலையை மிச்சப்படுத்திவிட்டார்.

டொரோண்டோ அண்ணை: அது சரி, ஆனால் எனக்குக் கம்பி போட்டது கொழும்பில். இங்கே போடுகிற சாமான் மாதிரி வருமா? மலிவுச் சாமான் என்றபடியால்தான் நோகுது.

இதுக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கிற அரைவாசிப்பேர் இங்குள்ள தாய் தகப்பனிடம் இதைத்தான் சொல்லிக் கலக்குகிறார்கள். டொரோண்டோவில் போட்ட ஸ்குரூவும் தளரும், முறியும். பல மாதம் ஒட்டாமல் ஆடிக்கொண்டே இருக்கிற முதுகில் எந்த நாட்டுக் கம்பியும் கடைசியில் களைத்துத்தான் போகும். ஒட்டுவதைக் கெடுப்பது எது என்றால் முதலில் சிகரெட், பிறகு கட்டுக்குள் இல்லாத சீனி வருத்தம், எலும்புத் தேய்வு, ஒட்டிவிட்டதா என்று பார்க்காமல் பாரம் தூக்குவது. சாமானின் நாட்டைக் கேட்கிற அளவுக்கு இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. அண்ணை, நீங்கள் புகைக்கிறீர்களா?

டொரோண்டோ அண்ணை: இடைக்கிடை.

சரி. முதலில் அதை விடுங்கள். கம்பியைப் பிறகு பார்ப்போம்.

வட்டுக்கோட்டை: என் காலில் போட்ட பிளேட்டை ஒன்றரை வருடத்தில் எடுத்தார்கள். முதுகில் மட்டும் ஏன் விடுகிறார்கள்? உடம்புக்குள் அந்நியப் பொருள் இருக்கலாமா?

இருக்கலாம். பல்லுக்குள் இருக்கிறது, இருதயத்துக்குள் இருக்கிறது. காலில் பிளேட் தோலுக்குக் கிட்ட இருக்கும், வெட்டுவதும் லேசு. முதுகில் அதே தசையைத் திரும்பவும் எலும்பிலிருந்து உரிக்க வேண்டும், மயக்க மருந்து, இரத்தப்போக்கு, தொற்று எல்லாம் மறுபடியும். இரண்டு முள்ளெலும்புக்கு நடுவில் பெட்டி மாதிரி ஒன்று வைத்திருந்தால் அதைப் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள், அது எலும்போடு எலும்பாகிவிடும், முன்பக்கம் பெரிய இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. "எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்" என்று வருகிறவர்களின் படத்திலும் அநேகமாக அந்தப் பெட்டி அங்கேயே இருக்கும்.

கோண்டாவில்: இரண்டு நாளாகச் சலம் போவது கஷ்டமாக இருக்கிறது, இருக்கிற இடம் மரத்த மாதிரி. இதுவும் கம்பியாலா?

இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து யாழ் போதனா வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நாளைக்கு இல்லை, இப்போது. சலம், மலம் கட்டுப்பாடு குறைவது, தொடைகளுக்கு நடுவில் விறைப்பது, கால் திடீரென்று தளர்வது, இந்த மூன்றில் எது வந்தாலும் யாரும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு தையல் போட்ட இடத்தில் நீர் வடிந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

மல்லாகம் அம்மா: மகளுக்கு 24. பதினாலு வயதில் முதுகு வளைவுக்கு மேலிருந்து கீழ்வரை கம்பி போட்டது. நோ பெரிதாக இல்லை. கலியாணம் பேசுகிறோம், எடுத்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறோம். பிள்ளை பெறலாமா?

அம்மா, நோ இல்லாத பிள்ளையின் முதுகைக் கலியாணத்துக்காக வெட்டுவதா? வளைவுக்குப் போட்ட நீளக் கம்பியை எடுத்தவர்களில் சிலருக்கு, எலும்பு ஒட்டியிருந்தும் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. கம்பியோடு பிள்ளை பெறலாம், எத்தனையோ பேர் பெற்றிருக்கிறார்கள். ஒன்று மட்டும்: பேறு காலத்தில் முதுகில் விறைப்பு ஊசி போடுவது இவருக்குக் கஷ்டமாக இருக்கலாம், அதனால் கிளினிக்குக்குப் போகும்போதே பழைய படங்களை மயக்க மருந்து டொக்டரிடம் காட்டிவைக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு உள்ளதைச் சொல்லுங்கள். கம்பியைக் கேட்டு விலகுகிற வீடு விலகட்டுமே.

சாவகச்சேரி: அம்மாவுக்கு 71, சீனி இருக்கிறது, எலும்புத் தேய்வும். ஸ்குரூ ஒன்று தளர்ந்துவிட்டது என்கிறார்கள். லண்டன் அண்ணை உடனே எடுக்கச் சொல்கிறார்.

தளர்ந்த ஸ்குரூ எல்லாம் எடுக்க வேண்டிய ஸ்குரூ இல்லை. மற்றப் பக்கத்தால் எலும்பு ஒட்டியிருந்து, நரம்பில் முட்டாமல், கிருமியும் இல்லாமல் இருந்தால் அதை விட்டுவைத்து வாழ்கிற வயதானவர்கள் நிறையப் பேர். ஒட்டியிருக்கிறதா என்று சிடியில் பார்த்தார்களா? அதைக் கேளுங்கள். சீனியைக் கட்டுப்படுத்துங்கள், தேய்வுக்கு மருந்து தொடங்கினார்களா என்றும் கேளுங்கள். அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

நெல்லியடி: கம்பியை எடுத்தால் நோ போகுமா?

கரவெட்டி அக்காவுக்கு எழுதியதை வாசியுங்கள்.

பளை: எனக்கு 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டு இடுப்புக்குக் கிட்ட இன்னும் இருக்கிறது, நாரியில் ஸ்குரூவும் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கலாமா?

ஸ்குரூ டைட்டானியம் என்றால் அதனால் பிரச்சினை இல்லை. செல் துண்டு அப்படியில்லை, அதில் இரும்பு இருந்தால் காந்தம் இழுக்கும், சூடாகவும் செய்யும். கண்ணுக்கோ முள்ளந்தண்டு நரம்புக்கோ பெரிய குழாய்க்கோ கிட்ட இருந்தால் ஆபத்து. அறைக்குள் போகமுதல் சொல்லியே ஆக வேண்டும், அவர்கள் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். எங்கள் ஊர்களில் இது சாதாரணமாக எல்லாரிடமும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். வெளிநாட்டில் ஸ்கான் எடுக்கிறவர்களும்தான், அங்கே இருப்பவருக்கு இது மனதிலேயே தோன்றாது.

நல்லூர்: திருவிழாவுக்கு அடியழிக்க நேர்த்தி. கம்பியோடு செய்யலாமா?

எலும்பு ஒட்டுகிறவரை வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் விழுந்து எழும்புவது நாரிக்கு எத்தனை தரம் குனிதல் என்று எண்ணிப் பாருங்கள். ஒட்டியது உறுதியென்றால் முதலே பழகி, மெதுவாக. முருகன் அடுத்த வருடமும் இருப்பார்.

இணுவில்: முறிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுத் தடவலாமா?

தோலில் எண்ணெய் போட்டால் ஒன்றும் ஆகாது. முதுகை முறுக்கி நெட்டி எடுக்க விடாதீர்கள்.

உரும்பிராய்: எடுத்தால் எவ்வளவு காலம் படுக்க வேண்டும்?

படுக்கவே வேண்டாம், அடுத்த நாளே நடத்துவார்கள். ஆனால் ஸ்குரூ இருந்த துவாரங்கள் எலும்பில் நிறைய மாதக்கணக்காகும். அதுவரை பாரம் தூக்குவது, மோட்டார் சைக்கிளில் குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் ஓடுவது இரண்டையும் தள்ளிவையுங்கள்.

மானிப்பாய்: எலும்பு ஒட்டிவிட்டது என்று சிடியில் வந்துவிட்டது, ஊசி போட்டபோது நோவும் அடங்கியது. எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எனக்கு ஒப்பரேஷன் நடந்தது 9 வருடத்துக்கு முன் தனியார் ஆஸ்பத்திரியில், ஆஸ்பத்திரிக் கடதாசித் துண்டுகள் ஒன்றும் கையில் இல்லை. அது பரவாயில்லையா?

ஒழுங்காகச் செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள், இதிலே கோட்டைவிடாதீர்கள். ஒவ்வொரு கம்பனியின் ஸ்குரூத் தலையும் வேறு வேறு வடிவம், கழற்றுகிற சாவியும் அதற்கேற்றது. எந்த வகை என்று தெரியாமல் முதுகைத் திறந்து, சாவி பொருந்தாமல் அங்கேயே நின்று இழுபடுவது உங்களுக்கும் நல்லதில்லை, அவர்களுக்கும். போட்ட ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து ஒப்பரேஷன் குறிப்பைக் கேளுங்கள். ஸ்குரூப் பெட்டியில் வந்த ஸ்டிக்கரை அதில் ஒட்டியிருப்பார்கள், கம்பனியும் அளவும் அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் தெளிவான எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டி, எந்த வகையென்று கண்டுபிடித்துச் சாவிப் பெட்டியை வரவழைத்த பிறகுதான் திகதி போடவேண்டும் என்று சொல்லுங்கள். முன்பு பாவித்த மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். நரம்புக் குளிசை ஏதாவது குடிக்கிறீர்கள் என்றால் ஒப்பரேஷனுக்கென்று நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.