ஜெர்மன் மொழியில் பட்டம் படிக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இணைய வகுப்பில் சேர்ந்து ஜெர்மன் கற்று, ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்னும் ஆறு படிகளில் இரண்டாவதான ஏ2 தேர்வில் தேறியிருக்கிறாள். பொறியியல் வேண்டாம், பி.காம். வேண்டாம், ஜெர்மன் மொழியும் பண்பாடும்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்கே சேர்க்கலாம்? நேரே ஜெர்மனிக்கே அனுப்பிவிடலாமா? நாளை பிழைப்புக்கு உதவுமா?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: உங்கள் மகளுக்கு வேண்டியது ஜெர்மன் பேசவும் எழுதவும் வரும் திறமையா, அல்லது ஜெர்மன் இலக்கியமும் மொழியியலும் வரலாறும் சேர்ந்த ஒரு படிப்பா என்பதை முதலில் அவரிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள். திறமை மட்டும் போதுமென்றால் அதற்குப் பட்டம் தேவையில்லை. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அறிந்திருக்கும் கெத்தே நிறுவனத்தின் கணக்குப்படி, பி2 நிலையை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரையும், சி1 நிலைக்கு 800 முதல் 1,000 வரையும் ஆகும். வேறு ஏதேனும் ஒரு பட்டம் படித்துக்கொண்டே மாலையில் இதை முடித்துவிட முடியும், பலர் முடிக்கிறார்கள்.

அவர் விரும்புவது படிப்பையே என்றால், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இவை மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்பதால் க்யூட் எனப்படும் பொது நுழைவுத்தேர்வுக்கு உரிய நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் நம்பிக் காத்திருந்தால் ஓராண்டு வீணாகும். தமிழ்நாட்டில் ஜெர்மன் பெரும்பாலும் சில கல்லூரிகளில் மொழிப்பாடமாகவோ சான்றிதழ் வகுப்பாகவோதான் இருக்கிறது. அதை ஜெர்மன் பட்டம் என்று யாராவது விற்றால், பட்டச் சான்றிதழில் எந்தத் துறையின் பெயர் அச்சாகும் என்று கேளுங்கள்.

இந்தப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வகுப்பு பெரும்பாலும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கும். ஏ2 முடித்த பெண்ணுக்கு முதல் பருவம் சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பில் பலர் வகுப்பை அலட்சியம் செய்துவிட்டு, மூன்றாம் பருவத்தில் இலக்கியப் பாடங்கள் வரும்போது திணறுகிறார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் அந்த ஆண்டிலேயே பி1 தேர்வை எழுதிவிடுவதும், எளிய சிறுகதைகளை அகராதியுடன் படித்துப் பழகுவதும் நல்லது. ஜெர்மன் சார்புவாக்கியத்தில் வினை தமிழைப் போலக் கடைசிக்குப் போவது தமிழ் மாணவர்களுக்கு இயல்பாகவே கைவருகிறது. நாற்காலி ஆண்பால், கதவு பெண்பால், சன்னல் அஃறிணை என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் பாலையும் மனப்பாடம் செய்வதில்தான் பலர் ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

பிளஸ் டூ முடித்த கையோடு ஜெர்மனிக்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் இருந்தால் அங்கே பொதுவாக நேரடி இடம் கிடையாது. ஸ்டூடியன்கொலெக் எனப்படும் ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு படித்துத் தேற வேண்டும், அல்லது இங்கே ஒரு பட்டப்படிப்பில் ஓராண்டையாவது நல்ல முறையில் முடித்திருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும், அங்கு கெர்மானிஸ்டிக் என்று அழைக்கப்படும் இந்தத் துறையில் உடன் படிப்பவர்கள் ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களில் கணிசமானோர் பள்ளி ஆசிரியர்களாகப் போகிறவர்கள். பாடம் நவீன இலக்கியம், மொழியியல், இடைக்கால இலக்கியம் என மூன்றாகப் பிரிந்திருக்கும். மூன்றாவதில் கி.பி. 1200ஐ ஒட்டித் தோன்றிய காவியங்களை அக்காலத்து ஜெர்மனிலேயே படிக்க வேண்டும். ஜெர்மன் பிள்ளைகளே அலறும் பாடம் அது. தமிழே சரளமாக வராத ஒருவரைச் சங்க இலக்கிய வகுப்பில் உட்கார வைப்பதைப் போன்றது ஏ2 நிலையில் அங்கே போவது. சேர்க்கைக்கே சி1 அல்லது அதற்கு மேற்பட்ட சான்று கேட்பார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு சிறு தொகை மட்டும்தான் என்பது உண்மை. ஆனால் ஹைடல்பர்க், டூபிங்கன், ஃப்ரைபர்க் ஆகிய புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் அமைந்திருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், 2017ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்திற்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல், தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும் பெற வேண்டியிருக்கிறது.

ஆகவே இளங்கலையை இந்தியாவில் முடித்து, இடையில் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் வழங்கும் கோடைக்கால மொழிப் பயிற்சி உதவித்தொகைக்கு முயன்று, முதுகலைக்கு அங்கே போவதுதான் உங்கள் மகளுக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். இன்று ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு மிகுதியாகக் கிடைக்கும் வேலை ஆசிரியர் வேலைதான். ஜெர்மனிக்குச் செல்ல விரும்பும் செவிலியர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் பி1, பி2 வரை கற்பிக்க ஆள் தேவைப்படுகிறது. பள்ளிகளை மட்டும் நம்ப வேண்டாம். கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மன், 2014இல் அரசின் ஒரே முடிவால் அந்த இடத்தை இழந்தது. மொழி ஆசிரியர் வேலை கொள்கை மாற்றங்களுக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதற்கு இதுவே சான்று. சென்னையைச் சுற்றியுள்ள ஜெர்மன் வாகன ஆலைகள் முதலில் தேடுவது பொறியாளரையும் கணக்காளரையும்தான், மொழிபெயர்ப்பாளரை அல்ல. மொழியோடு கணக்கியல், கற்பித்தல் முறை, மொழித் தொழில்நுட்பம் என்று இரண்டாவது கை ஒன்று இருந்தால் உங்கள் மகளுக்குக் கவலை குறையும். அதை முதலாண்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். ஜெர்மனில் பி1 முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் எம்.ஏ. கெர்மானிஸ்டிக் சேர முடியுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நேராகச் சேர்வது கடினம். அந்த முதுகலைக்கு ஜெர்மன் அல்லது அதற்கு மிக நெருங்கிய துறையில் இளங்கலை வேண்டும் என்பார்கள். உங்கள் பட்டத்தோடு பொருந்தக்கூடியது ஒப்பிலக்கியம்; பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் அது தனி முதுகலையாக இருக்கிறது, ஆங்கில இலக்கியப் பின்னணிக்கு அங்கே மதிப்பும் உண்டு. அதற்கும் ஜெர்மனில் சி1 அளவு தேவைப்படலாம் என்பதால், பட்டம் முடிந்தபின் ஓராண்டை முழுமையாக மொழிக்கே ஒதுக்குங்கள். குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது, விண்ணப்பங்கள் பல இடங்களில் ஜூலை 15உடன் முடிந்துவிடும். ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு ஆகும் காலத்தையும் கணக்கில் வைத்து முந்தைய ஆண்டு இறுதியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: நான் வரலாற்று ஆசிரியர். தரங்கம்பாடி மிஷன் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். அதற்காக ஜெர்மனில் ஒரு பட்டம் பெறுவது உதவுமா?
– ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் எழுதுகிறேன், ஏனென்றால் ஜெர்மன் படித்த தமிழருக்கு மட்டுமே திறக்கும் கதவு இது. அந்த மிஷனைத் தொடங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அவரை அனுப்பியது டென்மார்க் மன்னர்; ஆனால் அவரை உருவாக்கியதும், அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோரை அனுப்பியதும் ஜெர்மனியின் ஹாலே நகரம். இங்கிருந்து போன கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் ஹாலேயில் தொடர்ந்து அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சைப் பகுதியின் பஞ்சம், சந்தை, சாதி, திருவிழா பற்றிய செய்திகள் அந்தப் பக்கங்களில் இறைந்து கிடக்கின்றன. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த நூலை ஹாலேயில் இருந்தவர்கள் வெளியிட விரும்பவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. ஜெர்மன் மிஷனரி அறிஞர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856இல் வெளியிட்டார். இவற்றைப் படிக்கவும், எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று கேட்கவும் தமிழும் ஜெர்மனும் சேர்ந்து வேண்டும்.

ஆனாலும் உங்களுக்குப் பட்டம் தேவையில்லை. பி2 வரை மொழி, அதற்குப் பிறகு பழைய எழுத்துப் பயிற்சி, இவ்விரண்டும் போதும். அக்கால அச்செழுத்தில் சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ நீண்டு, பார்ப்பதற்கு ‘எஃப்’ போலவே இருக்கும். சில வாரங்களில் கண் பழகிவிடும். கையெழுத்துதான் சோதனை. அதில் ‘இ’ (e) எழுத்து நாம் அறிந்த ‘என்’ போலத் தெரியும். ‘யு’வையும் ‘என்’னையும் வேறுபடுத்த மேலே ஒரு சிறு வளைவு போடுவார்கள், அவசரத்தில் எழுதியவர் அதையும் போட்டிருக்க மாட்டார். பள்ளிகளில் 1941 வரை மட்டுமே இந்த வகைக் கையெழுத்தைக் கற்பித்ததால், இன்றைய ஜெர்மன் மாணவர்களும் இதைப் புதிதாகத்தான் கற்கிறார்கள். அந்த வகையில் நீங்கள் அவர்களுக்குப் பின்தங்கியவர் அல்லர்.

அச்சான அறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு பத்தாண்டை மட்டும், ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிரதிகள் ஹாலேயில் உள்ள ஃப்ராங்கெ அறக்கட்டளையின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. போவதற்கு முன் எந்த ஆண்டு, யாருடைய கடிதம், எந்த ஊர் பற்றியது என்று குறிப்பிட்டு எழுதினால், அங்குள்ளவர்கள் உங்களுக்குத் தேவையான கட்டுகளைத் தேடித் தருவது எளிதாகும்.