படகுக்கு நிழற்கூரை: அளவெடுக்கும் முன் கீல் எங்கே வரும் என்று பாருங்கள்

கேள்வி: என்னுடையது 16 அடி ஃபைபர் படகு. ஸ்டியரிங் வலப்பக்கம், நடுவில் ஒரு குறுக்கு இருக்கை, பின்னால் இன்னொன்று. பிமினி எனப்படும் மடக்குத் துணிக்கூரை வாங்கலாம் என்று ஆன்லைனில் பார்த்தால் "14–18 அடி படகுகளுக்குப் பொருந்தும்" என்று போட்டிருக்கிறது. அப்படியே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். படகின் நீளத்தை வைத்துக் கூரை அளவைச் சொல்லவே முடியாது. 16 அடியிலேயே ஒடுங்கிய படகும் உண்டு, அகன்ற படகும் உண்டு. கூரை முழுவதையும் சுமப்பவை இருபக்க விளிம்பிலும் திருகப்படும் இரண்டு கீல்கள். அவை எங்கே வரும் என்று முடிவாகாத வரை டேப்பைப் பிடித்து எதை அளந்தாலும் வீண்தான்.

முதலில் நிழல் யாருக்கு வேண்டும் என்று பாருங்கள். உங்கள் படகில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கும் நடு இருக்கைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதி தொடங்கும் இடத்தில் விளிம்பில் ஒரு மாஸ்கிங் டேப் துண்டு, முடியும் இடத்தில் இன்னொன்று ஒட்டுங்கள். இரண்டுக்கும் சரிபாதியில் மூன்றாவது துண்டு. கீல் வரவேண்டிய இடம் அதுதான். பெரும்பாலான கூரைகளில் கீல் நீளத்தின் நடுவில் வரும்: 72 அங்குலக் கூரை என்றால் கீலுக்கு முன்னால் 36, பின்னால் 36. சில மாடல்களில் இது மாறும் என்பதால் வாங்கும் முன் தயாரிப்பாளரின் படத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது அளவுகள். அகலம் என்பது நடு டேப்பிலிருந்து எதிர்ப்பக்க நடு டேப் வரை, குறுக்கே நேராக. படகின் அதிகபட்ச அகலத்தை எழுதிவிடாதீர்கள். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை நோக்கிப் போகப்போக விளிம்பு குறுகும், ஓரடி தள்ளி அளந்தாலே கணக்கு மாறிவிடும். கீலை விளிம்பின் மேல்தட்டில் வைக்கப்போகிறீர்களா, உட்பக்கச் சுவரிலா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் பல அங்குலம் வித்தியாசம் வரும். கூரைகள் 67–72, 73–78, 79–84 என்று ஆறு ஆறு அங்குலத் தொகுப்பாக விற்கப்படுகின்றன. உங்கள் அளவு 78½ என்று எல்லையில் நின்றால் கீலை மேலா, உள்ளா என்று மாற்றி ஏதாவது ஒரு தொகுப்பின் நடுப்பகுதிக்குக் கொண்டுவரப் பாருங்கள்.

நீளத்தைத் தீர்மானிப்பது துணியைத் தாங்கும் வளைந்த குழாய்களின் எண்ணிக்கை. வில் என்று சொல்வார்கள். இரண்டு வில் என்றால் ஏறக்குறைய ஐந்து, ஐந்தரை அடி. மூன்று வில் ஆறு அடி. நான்கு வில் எட்டு அடி. உங்களுக்கு மூன்று வில் போதும். எட்டு அடி போட்டால் பாதிப் படகு மூடிவிடும், தூண்டிலை வீசக் கை தூக்க இடம் இருக்காது.

உயரம் அளப்பது கீலிலிருந்து மேலே கூரையின் உச்சி வரை. தரையிலிருந்து அளந்துவிட்டு "ஆறடிக் கூரை கொடுங்கள்" என்று கேட்பவர்கள்தான் அதிகம். 36, 46, 54 அங்குலம் என்ற மூன்றுதான் வழக்கமாகக் கிடைப்பவை.

பலரும் மறப்பது மடித்த நிலையை. மடித்தால் கீலில் நேரடியாக மாட்டும் முதன்மை வில்லின் கால் முழு நீளத்துக்கும் பின்னால் சாயும். 46 அங்குல உயரம், 72 அங்குல நீளம் என்றால் அந்தக் கால் ஏறக்குறைய 58 அங்குலம். கீலிலிருந்து பின்னோக்கி 58 அங்குலத்துக்கு ஒரு கயிற்றை இழுத்துப் பாருங்கள். அது பின்பலகையைத் தாண்டினால் எஞ்சினைத் தூக்கிய நிலையில் வைத்தும் ஒருமுறை பாருங்கள்: அவுட்போர்டு எஞ்சினைத் தூக்கும்போது அதன் தலை படகுக்குள் சாய்ந்து வரும், மடித்து வைத்த சட்டத்தில் போய் இடிக்கும். இடிக்கும் என்றால் முன்பக்கமாக மடிக்க முடியுமா, கண்ணாடித் தடுப்பில் முட்டாதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: நின்றுகொண்டு ஓட்டுபவன் நான். உயரம் 5 அடி 8 அங்குலம். 46 போதுமா, 54 எடுக்கவா?

பதில்: தரையிலிருந்து கீல் இருக்கும் விளிம்பு வரை எவ்வளவு என்று அளந்து, அதோடு கூரை உயரத்தைக் கூட்டுங்கள். விளிம்பு 24 அங்குலம் என்றால் 46 கூரையில் கிடைப்பது 70. நீங்கள் 68. நடுவில் இரண்டு அங்குலம் மிச்சம், தொப்பி போட்டால் அதுவும் போச்சு. கூரை நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் ஓரத்தில் இருந்தால் உங்கள் தலை இருக்கும் இடத்தில் உச்சி உயரம் கிடைக்காது. 54 எடுத்தால் 78 வரும், நிம்மதியாக நிற்கலாம்.

தலை இடிப்பதைவிடப் பெரிய சிக்கல், முன் வில்லின் குழாய் சரியாகக் கண் மட்டத்தில் வந்துவிடுவது. குனிந்தும் நிமிர்ந்தும் ஓட்டுவது ஆபத்து. உங்கள் கண் மட்டத்தை அளந்துகொண்டு, முன்விளிம்பு அதைவிட ஒரு சாணாவது மேலே இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். உயரம் கூடினால் மடித்த நீளமும் கூடும்: 54-க்கு அந்த 58 அங்குலம் 65 ஆகிவிடும்.

கேள்வி: கூரை சரியாகத் தலைக்கு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் காலை பத்து மணிக்கு முன்னும் மாலையிலும் வெயில் மடியில் விழுகிறது. தப்பான இடத்தில் பொருத்திவிட்டேனா?

பதில்: இல்லை, அது சூரியனின் கோணம். சூரியன் 45 பாகையில் இருந்தால் கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் நிழல் எதிர்ப்பக்கம் நகரும். மடிக்கு மேல் நான்கு அடியில் கூரை என்றால் நிழல் நான்கு அடி தள்ளி விழும். ஆறடிக் கூரைக்கு நேர் கீழே மிஞ்சுவது இரண்டே அடி. 60 பாகைக்கு ஏறினால் நகர்வு 2 அடி 4 அங்குலமாகக் குறையும். தலைக்கும் கூரைக்கும் இடைவெளி குறைவு என்பதால் தலை நிழலில் இருக்கும், முழங்கால் வெந்துகொண்டிருக்கும்.

கீலை முன்னும் பின்னும் நகர்த்திப் பயனில்லை. படகு திரும்பினால் நிழலும் திரும்பும். உட்கார்ந்தே போகிறவர்கள் என்றால் தாழ்ந்த கூரையே நல்லது. அதற்கு வழியில்லை என்றால் பக்கவாட்டில் ஜிப் வைத்து மாட்டும் வலைத்துணித் திரை ஒன்று தையுங்கள். வலையாக இருக்கட்டும், கெட்டித் துணி காற்றை வாங்கும்.

கேள்வி: கீல்களுக்கு நடுவே 84 அங்குலம். கையில் இருப்பது 73–78 கூரை, நண்பர் கொடுத்தது. கால்களைக் கொஞ்சம் அகட்டி மாட்டினால் என்ன?

பதில்: மாட்ட முடியும், அதுதான் பிரச்சினை. கால்களை அகட்டினால் வில்லின் மேடு தட்டையாகிவிடும். உயரம் குறையும், மழை பெய்தால் தண்ணீர் வழிய வழியில்லாமல் நடுவில் குளம் கட்டும், அந்த எடையில் துணி இன்னும் தொய்யும். கீலின் ஊசியும் எப்போதும் பக்கவாட்டு இழுப்பிலேயே இருக்கும். மடிக்கும்போது அதைக் கழற்றச் சுத்தியல் தேட வேண்டிவரும். அகலக் கூரையை ஒடுங்கிய படகில் நெருக்கினால் எதிர்மாறு: மேடு புடைக்கும், ஓரத்துணி தொய்ந்து காற்றில் படபடக்கும், அந்தப் படபடப்பே தையலைத் தின்றுவிடும்.

இரண்டு பக்கமும் உட்சுவருக்கு மாற்றினால் 78-க்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கீல் தாழ்ந்தால் கூரையும் அதே அளவு தாழும், அதையும் கணக்கில் வையுங்கள். வராவிட்டால் நண்பருக்கு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: முன்பக்கப் பட்டைகள் ஏறி இறங்கும் வழியில் குறுக்கே நிற்கின்றன. இன்னும் செங்குத்தாகக் கட்டிவிடலாமா?

பதில்: பட்டையின் வேலை கூரையை முன்னோக்கி இழுத்து நிறுத்துவது. 45 பாகை அளவில் சாய்ந்திருந்தால் அது சரியாக நடக்கும். செங்குத்தாக்கினால் வில்லைக் கீழே அமுக்கும், முன்னால் இழுக்காது. அதை ஈடுகட்ட நீங்கள் பக்கிளை இறுக்குவீர்கள், வில் வளையும். பட்டையை விட்டுவிட்டுக் குழாய்த் தாங்கு போடுங்கள். அது இழுப்பையும் தள்ளுவதையும் தாங்கும் என்பதால் முன்னாலோ பின்னாலோ ஓரிடத்தில் இருந்தாலே போதும். முன்பட்டை வழியை மறைக்காத படகுகளில் பின்னால் தாங்கு, முன்னால் பட்டை என்பதுதான் பெரும்பாலும் வசதி: கூரையை மடித்தபின் அதே தாங்கின் மேல் சாய்த்து உயரத்தில் நிறுத்தி வைக்கலாம், பின் இருக்கையும் காலியாகக் கிடைக்கும்.

கேள்வி: அலுமினியமா, ஸ்டெயின்லெஸ்ஸா? துணியில் "600டி" என்று போட்டிருப்பதை நம்பலாமா?

பதில்: 600டி என்பது நூலின் பருமன். 9,000 மீட்டர் நூலின் எடை 600 கிராம் என்று பொருள், அவ்வளவுதான். வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. கேட்க வேண்டிய கேள்வி, நிறம் நூலாவதற்கு முன்பே கரைசலில் கலக்கப்பட்டதா, நெய்தபின் மேலே ஏற்றப்பட்டதா என்பது. கரைசல் நிறமேற்றிய அக்ரிலிக்தான் வெளுக்காமல் அதிக நாள் உழைக்கும். அது காற்றை விடும், மழையைச் சமாளிக்கும்; ஆனால் முழுக்கத் தண்ணீர் புகாத துணி அல்ல. வினைல் பூசிய துணியில் சொட்டுகூட இறங்காது, எடை அதிகம், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். எந்தத் துணி வாங்கினாலும் நூலைப் பாருங்கள். துணி நன்றாக இருக்கும்போதே முதலில் விடுவது தையல்தான்.

சட்டத்துக்கு வருவோம். நன்னீரில், மெதுவாகப் போகும் படகுக்கு அனோடைஸ் செய்த அலுமினியம் போதும். உப்புநீர் என்றால் 316 தர ஸ்டெயின்லெஸ். 304-உம் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் உப்புக்காற்றில் தேநீர்க் கறைபோலப் பழுப்புப் படியும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, அதனால் தரத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். குழாய் பருமன் ⅞ அங்குலமா, 1 அங்குலமா என்றும் பாருங்கள். சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால் 1 அங்குலக் குழாய் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைப்பு. ஒன்றின் கிளாம்பு மற்றதற்குச் சேராது. நைலான் கிளாம்புகள் வெயிலில் நொறுங்கும், கீல்களையாவது உலோகத்தில் வாங்குங்கள். அலுமினியக் குழாயில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் உப்புநீரில் அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். நடுவே அரிப்புத்தடைப் பசை தடவுங்கள்.

கேள்வி: நானே துளையிட்டுப் பொருத்தலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் துளை கடைசி வேலை. முதலில் கீல்களை ஜி-கிளாம்பால் விளிம்பில் பிடித்து, கூரையை விரித்து, பட்டைகளைத் தற்காலிகமாகக் கட்டிப் பாருங்கள். வழக்கமாக வருபவர்களை உட்கார வையுங்கள், எழச் சொல்லுங்கள், மடித்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றான பிறகே பென்சில் குறி. துளைக்கும் முன் விளிம்பின் அடியில் கையை விட்டு வயரோ எரிபொருள் குழாயோ ஓடுகிறதா என்று தடவிப் பாருங்கள்.

ஃபைபரின் மேல் பளபளப்புப் பூச்சில் ட்ரில்லை எதிர்த்திசையில் ஓடவிட்டுத் தொடங்கினால் விரிசல் விடாது. துளையின் வாயைச் சற்றே சரிவாக்கிக்கொள்ளுங்கள். வெறும் ஸ்க்ரூ போதாது, மெல்லிய ஃபைபரில் ஒரு பலத்த காற்றில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஊடுருவும் போல்ட், அடியில் தகடு, பெரிய வாஷர், பூட்டு நட். விளிம்புக்குள் மரம் இருந்தால் துளையைப் பெரிதாக இட்டு எபாக்ஸி நிரப்பி, காய்ந்தபின் நடுவில் மறுபடி துளையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி மரம் உளுத்துவிடும். சீலன்ட் பாலியூரிதேன் வகை. குளியலறை சிலிக்கான் வேண்டாம்.

கேள்வி: கூரையை விரித்தபடியே வேகமாகப் போகலாமா? டிரெய்லரில் இழுக்கும்போது?

பதில்: வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்கு. மணிக்கு 36 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ அழுத்தம். 72-இல் 25 கிலோ. ஆறடிக்கு ஏழரை அடிக் கூரை நான்கு சதுர மீட்டருக்குச் சற்று மேல். 72 கிலோமீட்டர் வேகத்தில் முன்விளிம்பு தூக்கலாக இருந்தால் காற்று அடியில் புகுந்து நூறு கிலோ அளவில் மேல்நோக்கி நெம்பும், அந்த நெம்பல் முழுவதும் நீங்கள் திருகிய நான்கைந்து போல்ட்டில். எதிர்காற்று இருந்தால் அதையும் படகின் வேகத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் வேக எல்லையை மீற வேண்டாம்; துணி உப்பிப் படபடக்கத் தொடங்கினால் எல்லைக்கு உள்ளே இருந்தாலும் வேகத்தைக் குறையுங்கள். புயல்காற்று வருகிறது என்றால் நங்கூரம் போட்டிருந்தாலும் மடித்துவிடுங்கள்.

டிரெய்லரில் விரித்த கூரையோடு போகவே கூடாது. மடித்து, உறை போட்டு, பட்டையால் படகோடு சேர்த்துக் கட்டுங்கள். தாங்கின் மேல் உயர்த்தி நிறுத்திய நிலையிலும் வேண்டாம்: சாலைக் குலுக்கலில் கீல் இருக்கும் இடத்து ஃபைபரில் மயிரிழை விரிசல் விடத் தொடங்கும். தூரம் அதிகம் என்றால் கீல் ஊசிகளைக் கழற்றிச் சட்டத்தையே படகின் தரையில் படுக்க வைத்து எடுத்துப் போங்கள். ஊசிகளை மட்டும் அவிழ்த்த இடத்திலேயே மறுபடி கீலில் செருகிவிடுங்கள், சட்டைப் பையில் போட்டால் தண்ணீருக்குப் போகும் நாளில் கிடைக்காது.