மருத்துவ மாணவர்களுக்கு நோயாளியிடம் பேசும் முறையை நடிப்பின் மூலம் கற்பிக்க முடியுமா? அது வெறும் நாடகமாகிவிடாதா?

கற்பிக்க முடியும். ஆனால் அதன் பலன், நோயாளியின் பாத்திரத்தை எவ்வளவு கவனமாக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. மருத்துவக் கல்லூரியில் இவ்வகுப்புகளை நடத்திவரும் ஆசிரியன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முறை பழையதுதான். நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு மாணவர்களின் திறனைச் சோதிக்கும் வழக்கத்தை 1963-இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, தொடர்புத்திறன் ஆகியவற்றுக்கென 'ஏட்காம்' என்ற பகுதியே இருக்கிறது. ஆயினும் ஒரு மாணவர் கனிவான மருத்துவராகவும் இன்னொருவர் சிடுசிடுப்பானவராகவும் நடித்துக்காட்ட, மற்றவர்கள் கைதட்டிக் கலைவதோடு முடிந்துவிட்டால், நீங்கள் அஞ்சுவதுபோல அது நாடகம்தான்.

நான் நோயாளியாக நடிப்பவரிடம் மட்டும் ஓர் அட்டையைக் கொடுப்பேன். அவற்றுள் ஒன்று இது: ஐம்பது வயதுப் பெண், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், சர்க்கரைக்குக் காலையில் கிளிமிபிரைடு மாத்திரை, இன்றைய இரத்தச் சர்க்கரை அளவு 280. வேலைக்குப் போகும் நாள்களில் சாப்பாடு தள்ளிப்போய்ப் படபடப்பும் வியர்வையும் வருவதால் அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுகிறார். 'மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?' என்று கேட்டால் 'சாப்பிடறேன்' என்று மட்டும் சொல்ல வேண்டும். 'வேலைக்குப் போற அன்னைக்கு எப்படிம்மா சமாளிக்கறீங்க?' என்பதுபோலக் கேட்டால்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். முதல் கேள்வியோடு நின்றுவிடும் மாணவர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுவார். அந்தப் பெண் அதைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் மண் வெட்டப் போனால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும் என்பது பிற்பாடு அட்டையை வாசிக்கும்போதுதான் அவருக்கு உறைக்கும். கனிவாகப் பேசுவது பண்பு மட்டுமன்று, நோயறிதலின் பகுதியும்கூட என்பதை எந்த விரிவுரையாலும் இவ்வளவு அழுத்தமாகப் புரியவைக்க இயலாது.

காட்சி முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர் நோயாளியாக நடித்தவர்தான். எந்த இடத்தில் சொல்லத் தோன்றியது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார் என்பதை அவரே சொல்ல, மருத்துவராக நடித்தவர் அந்த இடத்திலிருந்து மீண்டும் பேசிப் பார்க்க வேண்டும். திரும்பச் செய்யும் வாய்ப்பு இல்லாத விமர்சனம் மாணவரைக் கூச வைக்குமே தவிரத் திருத்தாது.

துயரமான செய்தியைச் சொல்லும் பயிற்சிக்கு, 2000-இல் வெளியான 'ஸ்பைக்ஸ்' என்னும் ஆறு படிநிலைகளை ஒட்டிப் பலரும் கற்பிக்கிறார்கள்; பயனுள்ளதுதான். நம் ஊரில் அதோடு மூன்றாவது பாத்திரம் ஒன்றும் தேவை. 'அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்' என்று அறை வாசலிலேயே மறித்துக் கேட்கும் மகனைச் சேர்க்காத காட்சி, நம் மருத்துவமனையின் காட்சியாகாது. அவரைக் கண்டித்து ஒதுக்காமல், அம்மா எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அம்மாவிடமே கேட்டறியும் வழியை மாணவர்கள் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தடுமாற்றம் வகுப்பறையில் நிகழட்டும்.

புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்று மூத்தவர்களே கேட்பதுண்டு. அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டது பதிவாகியிருக்கிறது. ஆகவே என் வகுப்பில் முதல் ஒரு நிமிடம் மருத்துவர் குறுக்கிடக் கூடாது என்பது விதி. பெரும்பாலான 'நோயாளிகள்' அதற்குள் தாமே பேசி முடித்துவிடுகிறார்கள்.