மகனுக்கு அம்மை இறங்கிவிடும்; ஆனாலும் கொடைக்கானல் பயணம் இப்போது வேண்டாம்

கேள்வி (மே 5): என் 7 வயது மகனுக்கு மே 3 அன்று சின்னம்மை போட்டது. நாத்தனார் குடும்பத்துடன் மே 18 அன்று கொடைக்கானல் செல்ல ரயில் டிக்கெட்டும் அறையும் பதிவு செய்திருக்கிறோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் போகலாம் என்கிறார் மாமியார். 4 வயது மகளுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை, அதற்கான தடுப்பூசியும் போடவில்லை. நாத்தனார் 5 மாதக் கர்ப்பிணி. மே 1 விடுமுறைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார். பயணத்தை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஆனால் அதைவிட அவசரமான காரியம் ஒன்று உங்கள் கேள்வியின் கடைசி வரிகளில் இருக்கிறது. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும் என்பதால், மே 1 அன்று உங்கள் மகனுடன் இருந்த நாத்தனாருக்கும் கிருமி போயிருக்க வாய்ப்புண்டு. அவருக்குச் சிறுவயதில் அம்மை வந்திருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. வந்ததில்லை என்றாலோ, உறுதியாகத் தெரியவில்லை என்றாலோ, இன்றே அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தால், தொடர்பு ஏற்பட்ட 10 நாள்களுக்குள், அதாவது மே 11க்குள், இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள்கள் கொண்ட மருந்து) ஊசி போடுவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் நிமோனியாவாக முற்றக்கூடும். முதல் 20 வாரங்களில், அரிதாக, கருவையும் பாதிக்கும். ஆகவே இதில் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்.

மகனைப் பொறுத்தவரை மாமியார் சொல்வது பெருமளவு சரி. எல்லாக் கொப்புளங்களும் நீர் வற்றிப் பொருக்குக் கட்டிவிட்டால் தொற்று நின்றுவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒரு வாரத்துக்குள் நடந்துவிடும், பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் தண்ணீர் ஊற்றும் நாள் கணக்கை மட்டும் நம்பாமல், நல்ல வெளிச்சத்தில் உச்சந்தலை, காதின் பின்புறம், அக்குள் ஆகிய இடங்களைப் பாருங்கள். நீர் கோத்த கொப்புளம் ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது.

பயணத்தைத் தடுப்பது மகளின் நிலைமைதான். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால், 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்குத் தொற்றிவிடும். கிருமி புகுந்து 10 முதல் 21 நாள்களில், பெரும்பாலும் 14 முதல் 16 நாள்களில் கொப்புளம் கிளம்பும். மே 1 அல்லது 2 அன்று அவளுக்குத் தொற்றியிருந்தால், நீங்கள் ரயில் ஏறும் நாளை ஒட்டியே அது வெளிப்படக்கூடும். அப்போது பார்வைக்கு நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும் குழந்தை, மூடிய பெட்டிக்குள் உடன் வருபவர்களுக்கு, அவர்களில் கைக்குழந்தையோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால் அவர்களுக்கும், நோயைக் கொடுத்துவிடுவாள். ரயில்வே சட்டம் 1989, 56ஆம் பிரிவின்படி, தொற்றுநோய் உள்ளவரை ஏற்ற மறுக்கவும் நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு.

குழந்தை மருத்துவரிடம் கேட்டு மகளுக்கு இன்றோ நாளையோ தடுப்பூசி போட்டுவிடுங்கள். தொடர்பு ஏற்பட்ட 3 நாள்களுக்குள், அதிகபட்சம் 5 நாள்களுக்குள் போட்டால், நோய் வராமலோ லேசாகவோ போக நல்ல வாய்ப்புண்டு. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால் தனியார் மருத்துவமனையில்தான் போட வேண்டியிருக்கும். ஊசி போட்டாயிற்று என்று மே 18 பயணத்தை மீண்டும் யோசிக்க வேண்டாம், ஏனெனில் அது முழு உத்தரவாதம் தராது. இரு குழந்தைகளுக்கும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது.

மகனுக்கு மே 9 வாக்கில் பொருக்குக் கட்டினால், மகளை அதிலிருந்து 21 நாள்கள், அதாவது மே 30 வரை கவனிக்க வேண்டும். பள்ளி திறக்கும் தேதியைப் பார்த்துக்கொண்டு ஜூன் முதல் வாரத்துக்கு அறையை மாற்றித் தரக் கேளுங்கள். கடைசி நாள்களில் அவளுக்குக் கொப்புளம் கிளம்பினால் அந்த வாரமும் தவறிப்போகும் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.