நாய்க்குச் சாமான் வீட்டிலேயே: வாசகர் கேள்விகள்

கேள்வி: நாலு மாதக் குட்டி. கதிரைக் கால், பாய் எல்லாவற்றையும் கடிக்கிறது. பழைய செருப்பைக் கொடுத்துப் பார்த்தேன். இப்போது புதுச் செருப்பையும் விடுவதில்லை. (கிளிநொச்சி)

பதில்: பழையது எது, புதியது எது என்று அதற்கு யார் சொன்னது? இரண்டிலும் உங்கள் கால் மணம்தான். நாலு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும். ஏழு மாதமளவில் 42 பல்லும் வந்துவிடும். அதுவரை முரசு ஊரும், கடிக்கத்தான் செய்யும். பழைய ரீசேட்டை மூன்று விரல் அகலக் கீற்றுகளாகக் கிழித்து, மூன்றை இறுக்கிப் பின்னி, இரு நுனியிலும் முடிச்சுப் போடுங்கள். நனைத்து உறைய வைத்துக் கொடுத்தால் முரசுக்கு இதம். நூல் பிரியத் தொடங்கினால் எறிந்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிப் பிடித்துவிடும்.

கேள்வி: நாயைப் பழக்கும்போது 'டக்' என்று சத்தம் போடும் கிளிக்கர் எங்கே வாங்கலாம்? (வவுனியா)

பதில்: வாங்க வேண்டாம். ஜாம் போத்தல் மூடியின் நடுவில் அமுக்கினால் 'டக்' என்கிறதே, அது போதும். சத்தம் வந்த ஒரு விநாடிக்குள் அவித்த ஈரல் துண்டு வாய்க்குப் போக வேண்டும். சுண்டுவிரல் நகமளவு போதும், தட்டு நிறைய வேண்டாம்.

கேள்வி: களைநாசினி வந்த வெற்றுக் கலனில் ஓட்டை போட்டு, உள்ளே பிஸ்கட் போட்டு உருட்ட விடலாமா? நன்றாகக் கழுவிவிட்டேன். (விசுவமடு)

பதில்: எத்தனை தடவைதான் எழுதுவது? மருந்துக் கலன், உரப்பை இரண்டும் நாயின் வாய்ப்பக்கம் வரக்கூடாது. கழுவினாலும் வரக்கூடாது. குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்று எடுங்கள். மூடி, கழுத்து வளையம், லேபல் மூன்றையும் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் இரண்டு ஓட்டை போடுங்கள். போத்தல் நசிந்து ஓரம் கூரானதும் குப்பைக்கு.

கேள்வி: குட்டிக்குச் சைக்கிள் பிரேக் வயரில் கழுத்துப்பட்டி செய்யலாமா? கயிற்றைக் கடித்து அறுத்துவிடுகிறது. பகல் முழுதும் கட்டித்தான் வைத்திருக்கிறோம். (புதுக்குடியிருப்பு)

பதில்: கூடாது. இதை வாசிக்கும் மற்றவர்களும் கேளுங்கள். போன வருடம் ஒரு தோட்ட வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டு மாத நாய், நல்ல உயரம், ஆனால் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி நின்றது. கிட்டப் போனதும் மணம். "குட்டியில் ஒரு கயிறு கட்டினோம், அது எப்பவோ அறுந்து விழுந்திருக்கும்" என்றார் வீட்டுக்காரர். கழுத்து மயிரை விலக்கிப் பார்த்தேன். கயிறு எங்கும் போகவில்லை, தோலுக்குள் இருந்தது. மேலே தோல் மூடி, ஒரு பக்கம் புழு. மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்டுத்தான் வெட்டி எடுத்தார். அது நூல் கயிறு. வயர் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

பிள்ளைகளின் பழைய புத்தகப்பை வாரை வெட்டுங்கள், கொக்கியோடு வரும். கட்டிய பிறகு கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். குட்டி வளரும், பட்டி வளராது. கிழமைக்கு ஒரு தடவை விரல் விட்டுப் பாருங்கள்.

பகல் முழுதும் கட்டுவதற்கு வருவோம். சும்மா கிடந்தால் கயிற்றைக் கடிக்காமல் என்ன செய்யும்? கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு மரத்துக்கு நடுவே கம்பிக் கொடி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் கட்டுங்கள். மரத்தைச் சுற்றிச் சிக்காதபடி, இரு முனையிலும் வளையத்தைத் தடுக்க ஏதாவது வையுங்கள். நிழலும் தண்ணீரும் அது நடக்கும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பின்னேரம் அவிழ்த்துவிட்டு அரை மணித்தியாலமாவது நடத்துங்கள்.

கேள்வி: மோட்டார்சைக்கிள் ரயரை வேம்பில் தொங்கவிட்டுப் பாயப் பழக்கலாமா? (முள்ளியவளை)

பதில்: நாயின் வயதை எழுதவில்லை. எழுதாமல் எப்படிச் சொல்வது? ஒரு வயதுக்கு முன் அதன் முழங்கை உயரத்துக்கு மேல் பாய விடாதீர்கள், எலும்பு முற்றியிருக்காது. பெரிய நாய் என்றால் இன்னும் பொறுங்கள். கம்பி வெளியே தெரியும் ரயர் வேண்டாம். அடியில் ஓட்டை போடுங்கள். மாரியில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு வரும், நுளம்புக்குப் பின்னால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார்.

கேள்வி: கூப்பிட்டால் வரப் பழக்க எவ்வளவு கயிறு வேண்டும்? (ஒட்டுசுட்டான்)

பதில்: 30 அடி. கழுத்தில் கட்டாதீர்கள், நெஞ்சுப் பட்டியில் கட்டுங்கள். கையில் சுற்றவும் வேண்டாம். முயலைக் கண்டு நாய் பாய்ந்தால் நைலோன் உள்ளங்கையை உரித்துவிடும்.

கேள்வி: நாய் இடையிடையே வளைந்து ஓடிப் பழகும் கம்பங்களுக்கு எஸ்லோன் (பி.வி.சி.) பைப் சரியா? (செட்டிகுளம்)

பதில்: சரி. அரை அங்குலம் போதும். இரண்டடிக்கு ஒன்றாக ஆறு நட்டால் தொடங்கலாம்.

கேள்வி: காணி துப்புரவாக்கும்போது ஒரு இரும்பு உருளை கிடைத்தது. பாரமாக இருக்கிறது. இழுக்கும் பயிற்சிக்குப் பாவிக்கலாமா? (முகமாலை)

பதில்: இனித் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். வெடிக்காத குண்டாக இருக்கலாம். நாயையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாமல், இன்றே பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கடிப்பதற்கு மாட்டெலும்பு? (மாங்குளம்)

பதில்: நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் பதியாவிட்டால் அது பல்லை உடைக்கும். சமைத்த கோழி எலும்பு எந்த வயதிலும் கிடையாது.