1847 என்பது செய்த வருடம் அல்ல

அடியில் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று இருப்பதால் அந்த வருடத்துக் கெட்டி வெள்ளி டீப்பாட் என்று விற்பவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அது வெள்ளி முலாம் பூசிய அமெரிக்கச் சாமான்களின் வணிகப் பெயர். 1862-க்குப் பிறகு மெரிடன் பிரிட்டானியா கம்பெனியிடம் இருந்தது. அக்காலத்து அமெரிக்கக் கெட்டி வெள்ளியில் பெரும்பாலும் 'ஸ்டெர்லிங்' (1000 பங்கில் 925 வெள்ளி) அல்லது 'காயின்' (சுமார் 900) என்று இருக்கும். 'குவாட்ருப்பிள் பிளேட்' என்றால் கனமான முலாம், அவ்வளவுதான்.

மூக்கு நுனி, மூடிக் குமிழ், அடி விளிம்பு மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உரசல் அதிகம் படும் இந்த இடங்களில்தான் முலாம் முதலில் தேயும். அங்கே சாம்பல் நிறமோ மஞ்சள் நிறமோ எட்டிப் பார்த்தால் முலாம்தான், சந்தேகமே வேண்டாம். கீல் ஓரம் மங்கிய திட்டு தெரிந்தால் ஈயத்தால் பற்றவைத்த இடமாக இருக்கலாம், அதில் தேநீர் ஊற்றிக் குடிக்காதீர்கள். எப்படியும் வெள்ளி எடைக்கணக்கில் விலை பேச வேண்டாம்.